கராச்சி – சென்னை: 1,300 மைல், இரண்டே நாள்! தபால் மூட்டையுடன் பறந்த ஜே.ஆர்.டி. டாட்டா

திருமங்கலம் பக்கத்துக் கரிசல் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஆகாய விமானம் புதிதல்ல. கிழக்கே பெருங்குடியில்தான் மதுரை விமான நிலையம் இருக்கிறது. இரண்டாவது உலகப் போரின்போது ராணுவ விமானங்கள் இறங்குவதற்காக அமைந்த இடம் அது. இன்று சென்னைக்குப் போகும் விமானமும், சென்னையிலிருந்து வரும் விமானமும் அங்கேதான் ஏறி இறங்குகின்றன.

மதுரையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போனால் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். பறவை பறப்பதுபோல நேர்கோட்டில் போனால் சுமார் 420 கிலோமீட்டர்தான். அதாவது 260 மைல். ராத்திரி ரயில் ஏறிப் படுத்தால் விடிந்த பிறகு எழும்பூர். விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

மதுரை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. சென்னையும் நகர்ந்து வந்துவிடவில்லை. இடையில் உள்ள மைல் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நேரம் மட்டும் எப்படிச் சுருங்கியது?

நம் நாட்டில் அந்த வேலையைத் தொடங்கி வைத்தவர்களில் முதல் மனிதரின் கதை இது. அவர் பெயர் ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா. சுருக்கமாக ஜே.ஆர்.டி. டாட்டா.

கடற்கரையில் கண்ட கனவு

1904-ம் ஆண்டு ஜூலை 29-ந்தேதி பாரிஸ் நகரில் அவர் பிறந்தார். தந்தை ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா, பார்சி வணிகர். டாட்டா கம்பெனியை நிறுவிய ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கு உறவினர். தாயார் சூசான் பிரெஞ்சுப் பெண்மணி. கல்யாணத்துக்குப் பிறகு சூனி என்று பெயர் மாற்றிக்கொண்டார்.

பையன் பாரிசில் கொஞ்ச காலம் படித்தான். பிறகு பம்பாய். பிறகு ஜப்பானில் யோகோஹாமா. மறுபடியும் பாரிஸ். பள்ளிக்கூடம் மாறிக்கொண்டே இருந்தால் படிப்பு எப்படி உருப்படும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கோடை விடுமுறைக்கு அந்தக் குடும்பம் பிரான்சின் வடக்குக் கரையில் ஹார்டெலோ என்ற ஊருக்குப் போகும். அதே ஊரில் இன்னொருவருக்கும் வீடு இருந்தது. அவர் யார் தெரியுமா? லூயி பிளேரியோ! 1909-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி, பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே உள்ள கடலை முதன்முதலாக விமானத்தில் தாண்டினாரே, அந்த வீரர்தான். கடலின் அகலம் சுமார் 22 மைல். அவருக்குப் பிடித்த நேரம் 36 நிமிஷம். உலகமே வாயைப் பிளந்தது. அப்போது ஜஹாங்கீருக்கு ஐந்து வயது நிறைய நாலே நாள் பாக்கி.

அந்த வீரருடைய ஊரில், கடற்கரை மணலிலே விமானங்கள் இறங்குவதைப் பார்த்துப் பார்த்துப் பையனுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. பதினைந்தாவது வயதில் ஒரு விமானத்தில் ஏறிச் சற்று நேரம் சுற்றிவர வாய்ப்புக் கிடைத்தது. இறங்கும்போதே முடிவு செய்துவிட்டான், நானும் விமானியாவேன் என்று.

ஆனால் அதற்கு இன்னும் பத்து வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவிலே பிரெஞ்சு ராணுவத்தில் ஒரு வருஷ சேவை. பிறகு தந்தையின் கட்டளைப்படி பம்பாய் வந்து கம்பெனியில் சம்பளமில்லாமல் வேலை பழகினார். கேம்பிரிட்ஜுக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்ற ஆசை நிறைவேறவில்லை. 1926-ல் தந்தை காலமானார். இருபத்திரண்டு வயதில் குடும்பப் பொறுப்புத் தலையில் விழுந்தது.

பம்பாயில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கழகம் ஏற்பட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்தார். 1929-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந்தேதி அவருக்கு லைசென்சு கிடைத்தது. இந்தியாவில் வழங்கப்பட்ட விமானி லைசென்சுகளில் அதன் எண் 1. வாழ்நாள் முழுவதும் அவர் பெருமையாக நினைத்த காகிதம் அதுதான்.

போட்டியில் தோற்ற கதை

1929-ல் ஆகா கான் ஒரு பரிசு அறிவித்தார். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தன்னந்தனியாக விமானம் ஓட்டி, குறித்த நாட்களுக்குள் முதலில் போய்ச் சேரும் இந்தியருக்கு 500 பவுன்!

மூன்று பேர் புறப்பட்டார்கள். மன்மோகன் சிங், ஆஸ்பி என்ஜினீயர், ஜே.ஆர்.டி. இதில் ஆஸ்பிக்குப் பதினேழே வயது. அவர் இங்கிலாந்திலிருந்து இந்தியாவை நோக்கிப் பறந்தார். ஜே.ஆர்.டி. 1930 மே 3-ந்தேதி கராச்சியிலிருந்து இங்கிலாந்தை நோக்கிப் பறந்தார்.

வழியில், எகிப்து நாட்டில் அலெக்சாண்ட்ரியாவுக்குப் பக்கத்தில் அபுகிர் என்ற விமானத் தளம். ஜே.ஆர்.டி. அங்கே இறங்கியபோது ஆஸ்பியின் விமானம் நின்றுகொண்டிருந்தது. என்ன என்று விசாரித்தார். ஆஸ்பியின் இயந்திரத்துக்கு ஸ்பார்க் பிளக் கெட்டுவிட்டது. மாற்றுப் பிளக் கிடையாது. பையன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

ஜே.ஆர்.டி.யிடம் மாற்றுப் பிளக்குகள் இருந்தன. போட்டியாளன் சிக்கிக்கொண்டான், நாம் முந்திவிடலாம் என்று அவர் நினைக்கவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆஸ்பி பதிலுக்குத் தன் மிதவைச் சட்டையை அவருக்குக் கொடுத்தார். கடலைத் தாண்டிப் போக வேண்டியவர் ஜே.ஆர்.டி.தானே!

பிறகு இருவரும் எதிரெதிர்த் திசையில் பறந்தார்கள். சில மணி நேர வித்தியாசத்தில் ஆஸ்பி வென்றார். மன்மோகன் சிங்குக்குக் கெடு தாண்டிவிட்டது. ஜே.ஆர்.டி.க்குப் பரிசு இல்லை.

அந்தப் பதினேழு வயதுப் பையன் பின்னாளில் என்ன ஆனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1960 முதல் 1964 வரை இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர்தான்.

தபாலுக்கு வந்த தடங்கல்

இனி நம் தென்னாட்டுக்கு வருவோம்.

1929-ல் லண்டனிலிருந்து கராச்சிக்கு வாரம் ஒருமுறை விமானத் தபால் வரத் தொடங்கியது. இம்பீரியல் ஏர்வேஸ் என்ற ஆங்கிலக் கம்பெனி அதை நடத்தியது. ஏழு நாளில் கடிதம் கராச்சி வந்துவிடும். கப்பலைவிட எவ்வளவோ விரைவு. ஆனால் அந்த விமானம் பம்பாய்க்கும் வராது, சென்னைக்கும் வராது. கராச்சியில் இறங்கிய மூட்டை அதற்கப்புறம் ரயிலில்தான் ஏற வேண்டும். ஐரோப்பாவையும் அரபு நாடுகளையும் பறந்து கடந்த கடிதம், நம் நாட்டுக்குள் நுழைந்ததும் ரயில் மாறி ரயில் மாறி நாள் கணக்கில் நகர்ந்தது. மதுரைச் சீமைப் பருத்தி வியாபாரிக்கு இங்கிலாந்திலிருந்து விலை விவரம் வந்தால், அது சென்னை சேர்ந்து, பிறகு மதுரை வந்து சேருவதற்குள் விலை மாறிப்போயிருக்கலாம்.

இந்த இடைவெளியைக் கவனித்தவர் நெவில் வின்சென்ட் என்ற விமானி. பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தவர். ஊர் ஊராகப் போய் ஜனங்களை விமானத்தில் ஏற்றிக் காட்டி இந்தியாவைச் சுற்றியவர். கராச்சித் தபாலைத் தனி விமானத்தில் பம்பாய்க்கும் சென்னைக்கும் கொண்டு சேர்த்தால் என்ன? இந்த யோசனையோடு அவர் ஜே.ஆர்.டி.யிடம் வந்தார். இருவருக்கும் உடனே ஒத்துப்போயிற்று.

கம்பெனித் தலைவர் சர் தோராப்ஜி டாட்டாவுக்கு வயதாகிவிட்டது, உடம்பும் சரியில்லை. விமானத்தில் பணம் போடுவதற்கு அவர் தயங்கினார். பீட்டர்சன் என்ற மூத்த அதிகாரி ஜே.ஆர்.டி.க்காகப் பரிந்து பேசினார். இரண்டு லட்சம் ரூபாய் அனுமதி கிடைத்தது.

அடுத்து சர்க்கார். மானியம் கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது. மானியத்தைக் குறைத்துக் கேட்டார்கள். அதற்கும் இல்லை. இப்படியே மூன்று வருஷம் ஓடியது. கடைசியில் மானியமே வேண்டாம், ஏற்றிச் செல்லும் தபாலுக்குக் கூலி மட்டும் கொடுங்கள் என்றார்கள். அதற்குத்தான் சர்க்கார் சம்மதித்தது. 1932 ஏப்ரலில் பத்து வருஷ ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தோராப்ஜி அந்த ஜூன் மாதமே காலமாகிவிட்டார். விமானம் பறந்ததை அவர் பார்க்கவில்லை.

1932 அக்டோபர் 15

கராச்சியில் டிரிக் ரோடு விமானத் தளம். காலை 6 மணி 35 நிமிஷம். புஸ் மாத் என்ற சிறு விமானத்தில் ஜே.ஆர்.டி. ஏறினார். புஸ் மாத் என்பது ஓர் அந்துப்பூச்சியின் பெயர். பொருத்தமான பெயர்தான்! ஒற்றை இயந்திரம். மரச் சட்டமிட்ட சிறகுகள். மேலே துணி போர்த்தியிருக்கும். ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஓரிருவர் உட்காரலாம். அந்த இடத்தில் அன்று உட்கார்ந்திருந்தது 55 ராத்தல் தபால் மூட்டை. சுமார் 25 கிலோ. ஒரு சிப்பம் அரிசி எடை!

பேசுவதற்கு ரேடியோ கிடையாது. கீழே தெரியும் கடற்கரை, ஆறு, ரயில் பாதை, கையில் வரைபடம். இவைதான் வழிகாட்டி.

கராச்சியிலிருந்து அகமதாபாத் சுமார் 375 மைல். அங்கே இறங்கிப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டார். பெட்ரோல் எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்? மாட்டு வண்டியில்! நாலு காலன் டின்களில் அடைத்து, மாடு இழுத்து வந்து, ஆகாயத்தில் பறக்கிற வண்டிக்கு ஊற்றினார்கள்.

அங்கிருந்து பம்பாய் சுமார் 275 மைல். ஜூஹு கடற்கரை மைதானத்தில் அவர் இறங்கியபோது மணி பகல் 1.50. மொத்தம் 650 மைல். மொத்த நேரம் ஏழே கால் மணி.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பிள்ளைகள் பென்சில் எடுத்துக்கொள்ளலாம். அந்த விமானத்தின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 100 மைல். அப்படியானால் 650 மைலுக்கு ஆறரை மணி. பெட்ரோல் போட இறங்கிய நேரத்தையும் சேர்த்தால் கணக்கு ஏறக்குறையச் சரியாக வருகிறது. ஆனால் எதிர்க்காற்று மணிக்கு 20 மைல் வீசினால்? தரையைப் பார்த்த வேகம் 80 மைலாகக் குறையும். ஆறரை மணி எட்டு மணிக்கு மேல் நீளும். பெட்ரோலும் அதற்கேற்பச் செலவாகும். நடுவழியில் தீர்ந்தால் வயலிலோ மணலிலோ இறங்க வேண்டியதுதான். மணிக்கு 500 மைல் போகும் ஜெட் விமானத்துக்கு அதே காற்று கொசு மாதிரி. அந்துப்பூச்சிக்கு அது யானை.

இன்னொரு சங்கதி. 500 மைல் வேகத்தில் போகிற ஜெட் விமானம் மதுரை – சென்னை 260 மைலை அரை மணியில் முடிக்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். முடியாது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும், இறங்குமுன் முறைக்குக் காத்திருந்து வேகத்தைக் குறைத்து வட்டமிட வேண்டும். குறைந்த தூரத்தில் இந்த நேரம்தான் பெரும்பங்கு. கால அட்டவணையில் ஒரு மணிக்கு மேல் போட்டிருப்பது அதனால்தான்.

சரி, பம்பாய்க்குத் திரும்புவோம். சென்னைத் தபால் இன்னொரு புஸ் மாத்துக்கு மாறியது. அதை ஓட்டியவர் நெவில் வின்சென்ட். பம்பாய் முதல் பல்லாரி வரை 380 மைல். இருட்டிவிட்டால் பறக்க வழியில்லை. இரவு பல்லாரியில் தங்கல். மறுநாள் அக்டோபர் 16-ந்தேதி, மிச்சம் 265 மைலையும் பறந்து மூட்டையைச் சென்னையில் சேர்த்துவிட்டார்.

கராச்சி முதல் சென்னை வரை 1,300 மைல். இரண்டே நாள்!

ஓலைக் கொட்டகைக் கம்பெனி

இந்தக் கம்பெனியின் சொத்து என்ன? இரண்டு சிறு விமானங்கள், ஜூஹுவில் ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை, விரல்விட்டு எண்ணக்கூடிய விமானிகள், மெக்கானிக்குகள். அவ்வளவுதான்.

மழைக்காலம் வந்தால் ஜூஹு மைதானம் சேறாகிவிடும், கடல் தண்ணீரும் ஏறிவிடும். மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு பூனாவுக்குப் போவார்கள். மேற்கு மலைத் தொடரில் மேகம் கவிந்து நிற்கும் மாதங்கள் அவை. ரேடியோ இல்லாத விமானத்துக்கு அந்த மலை எப்படிப்பட்ட எதிரி என்று சொல்ல வேண்டியதில்லை. என்றாலும் முதல் வருஷம் ஒரு தடவைகூடத் தபால் நேரம் தவறவில்லை. நூற்றுக்கு நூறு! மானியம் மறுத்த சர்க்காரின் விமான இலாகாவே தன் அறிக்கையில் இதைப் பாராட்டியது.

இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஒருநாள் துணிந்து பறந்துவிட்டுப் பத்திரிகையில் படம் போட்டுக்கொண்டவர்கள் அந்தக் காலத்தில் பலர். வாரா வாரம், மழையிலும் வெயிலிலும், சொன்ன நேரத்துக்குப் பறப்பது வேறு வேலை. தபால் இன்ன மணிக்கு வரும் என்று நம்பி ஒரு வியாபாரி ஒப்பந்தம் போட முடியும் என்றால்தான், இரண்டு ஊர்களும் உண்மையில் நெருங்கிவிட்டன என்று அர்த்தம்.

அந்த முதல் வருஷத்தில் பறந்த தூரம் 1,60,000 மைல். பயணிகள் 155 பேர். லாபம் 60 ஆயிரம் ரூபாய்.

1935-ல் வின்சென்ட் பம்பாயிலிருந்து திருவனந்தபுரம் பறந்தார். 1938-ல் தபால் விமானம் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. அதே ஆண்டில், 34 வயதில், ஜே.ஆர்.டி. டாட்டா கம்பெனி முழுவதற்கும் தலைவரானார். எஃகு, மின்சாரம், துணி என்று எத்தனையோ பொறுப்புகள். ஆனாலும் மனசு விமானத்திலேதான்.

நண்பர் வின்சென்ட் அதிகநாள் இருக்கவில்லை. 1942-ல், போர்க் காலத்தில், இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது அவர் வந்த விமானம் பிரான்சுக் கரைக்கு அப்பால் மறைந்துபோனது. ஜே.ஆர்.டி.க்கு அது ஆறாத நஷ்டம்.

லண்டனுக்கு நம் விமானம்

1946-ல் கம்பெனி ஏர் இந்தியா என்று பெயர் மாறியது. 1948-ம் ஆண்டு ஜூன் 8-ந்தேதி அதன் முதல் வெளிநாட்டு விமானம் பம்பாயிலிருந்து லண்டன் புறப்பட்டது. பெயர் மலபார் பிரின்சஸ். கெய்ரோவிலும் ஜினீவாவிலும் இறங்கிச் சென்றது. ஜே.ஆர்.டி.யும் அதில் போனார். சுதந்திரம் வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. முன்பு லண்டன் தபாலுக்காகக் கராச்சியில் காத்திருந்தவர்கள், இப்போது நம் நாட்டு விமானத்தில் லண்டனுக்கே போனார்கள். 1960-ல் போயிங் ஜெட் வந்தது.

ஜினீவா நகரத்தார் ஏர் இந்தியா விமானம் தலைக்கு மேலே போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனால் அப்படி ஒரு கதை பிறந்ததே பெருமைதானே!

1953-ல் சர்க்கார் விமானக் கம்பெனிகளை எல்லாம் எடுத்துக்கொண்டது. ஜே.ஆர்.டி. அதை எதிர்த்தார். மனம் மிகவும் வருந்தினார். ஆனால் தலைவராக இருந்து நடத்துங்கள் என்று கேட்டபோது மறுக்கவில்லை. சம்பளம் வாங்காமல் இருபத்தைந்து வருஷம் நடத்தினார். விமானத்தில் ஏறினால் சும்மா உட்கார மாட்டார். திரைச் சீலையின் நிறம், காப்பியின் சூடு, கழிப்பறையின் சுத்தம், எல்லாவற்றையும் பார்த்துக் குறிப்பு எழுதி அனுப்புவார்.

1978 பிப்ரவரியில் மொரார்ஜி தேசாய் சர்க்கார் அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. தன் குழந்தையைப் போல வளர்த்த நிறுவனத்தை விட்டு, 73-வது வயதில் அவர் வெளியேறினார். அந்தச் செய்கை சரியா தவறா என்று அன்று நாடே பேசியது. சரி என்று சொன்னவர்கள் அதிகம் பேர் இல்லை.

மறுபடியும் அதே வழி

1962-ல், முதல் பயணம் நடந்து முப்பது வருஷம் ஆனபோது, அவர் மறுபடி ஒரு சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்தார்.

அது போதவில்லை. 1982 அக்டோபர் 15-ந்தேதி, ஐம்பதாவது வருஷம். அவருக்கு வயது 78. லெப்பர்டு மாத் என்ற பழைய ஒற்றை இயந்திர விமானத்தில் தனியாக உட்கார்ந்து, கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக ஜூஹு வந்து இறங்கினார். 1932-ல் அது ஒரே நாட்டின் இரண்டு ஊர்களுக்கு இடையே பறந்த பயணம். இப்போது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு. நடுவில் இரண்டு நாடுகளுக்கும் போர் நடந்திருந்தது. இருந்தும் கிழவருக்கு இரண்டு பக்கமும் வழி விட்டார்கள்.

1992-ல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1993-ம் ஆண்டு நவம்பர் 29-ந்தேதி ஜினீவாவில் காலமானார். பிறந்த ஊரான பாரிசில், பெர் லாஷேஸ் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். சர்க்கார் எடுத்துக்கொண்ட ஏர் இந்தியா 2022 ஜனவரியில் மீண்டும் டாட்டா கம்பெனிக்கே வந்து சேர்ந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அவர் பறந்த அந்த முதல் வழி மட்டும் மூடிப்போயிற்று. கராச்சிக்கும் பம்பாய்க்கும் நேராகப் பறந்த விமானங்கள் நின்று சில வருஷங்கள் ஆன பிறகு, 2025 ஏப்ரலில் இரண்டு நாடுகளும் ஒன்றின் விமானங்களுக்கு மற்றொன்று தன் வானத்தையே அடைத்தன. ஜெட் விமானத்துக்கு ஒன்றரை மணி நேரத் தூரம்தான். ஆனால் அப்போது ஓர் ஊரிலிருந்து மற்ற ஊருக்குப் போக நினைத்தவர் துபாய் போன்ற மூன்றாவது ஊருக்குப் போய், அங்கே காத்திருந்து, வேறு விமானம் ஏறிச் சுற்றி வரவேண்டியிருந்தது. காத்திருக்கும் நேரத்தையும் கூட்டினால், ஜே.ஆர்.டி. மாட்டு வண்டிப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு வந்த ஏழே கால் மணியைவிட அது அதிகமாகவே ஆகும்.